அஞ்சுவண்ணம் முதல் சுங்கச்சாவடி வரை: வணிகர்கள் கூடிய மன்றங்களின் வரலாறு

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் செல்லும் மெட்ரோ பாதையில் தண்டையார்பேட்டையைத் தாண்டி ‘சுங்கச்சாவடி’ என்றொரு நிலையம் வருகிறது. பேச்சு வழக்கில் நாம் அதை ‘டோல்கேட்’ என்போம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு அது அன்றாடம் காதில் விழும் பெயர். அந்தப் பெயருக்குள் இருக்கும் ‘சாவடி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நாம் யோசிப்பதில்லை.

வணிகர்கள் கூடிப் பேசவும், சரக்கை நிறுக்கவும், வழக்கைத் தீர்க்கவும், வெளியூர்க்காரர் தங்கவும் ஒரு பொது இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தைக் குறித்த சொற்களில் ஒன்று சாவடி. மன்றம், மண்டபம், பண்டசாலை ஆகியவையும் அதே குடும்பத்துச் சொற்களே. இன்று நம் ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் புழங்கும் ‘அஞ்சுமன்’ என்ற சொல்லுக்கும் இந்த வரலாற்றில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடம் உண்டு. அதை நம் குடும்பங்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது என்பதால் இந்தக் கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

உலகெங்கும் இருந்த வணிகர் மன்றங்கள்

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஒவ்வொரு நகரத்திலும் வணிகர்களும் கைவினைஞர்களும் தனித்தனிக் குழுக்களாக அமைந்திருந்தார்கள். அவற்றைக் ‘கில்டு’ என்பார்கள். அந்தக் குழுக்கள் கூடுவதற்கான மாளிகையே ‘கில்டுஹால்’. லண்டன் நகரின் கில்டுஹால் 1411ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பட்டது. நகர ஆட்சியும் வழக்கு விசாரணையும் அங்கே நடந்தன. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் அதன் கூரை எரிந்தது. 1940ஆம் ஆண்டு குண்டுவீச்சில் மறுபடியும் கூரை போனது. கற்சுவர்கள் நின்றன. இன்று அது விருந்துகளும் விழாக்களும் நடக்கும் கூடம்.

அரபு உலகில் இதற்கு இணையானது ‘ஃபுந்துக்’. வெளியூர் வணிகர் தங்க மேல்மாடி, சரக்கு வைக்கக் கீழ்த்தளம், நடுவில் முற்றம், இரவில் பூட்டப்படும் ஒரே வாசல் என்பது அதன் அமைப்பு. கெய்ரோ, அலெக்சாந்திரியா, அலெப்போ, திமிஷ்க் என்று எல்லா வணிக நகரங்களிலும் ஃபுந்துக், கான், வகாலா என்ற பெயர்களில் இத்தகைய கட்டடங்கள் இருந்தன. இத்தாலியின் வெனிஸ் நகரத்தார் இந்தச் சொல்லையே எடுத்து ‘ஃபோந்தாகோ’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அங்கே 1621ஆம் ஆண்டு முதல் உதுமானிய வணிகர்களுக்கென ஒதுக்கப்பட்ட மாளிகை இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜெர்மானிய வணிகர்களுக்கான மாளிகையோ சுங்க அலுவலகமாகி, பிறகு தபால் நிலையமாகி, 2016ஆம் ஆண்டில் பெரிய வணிக வளாகமாகத் திறக்கப்பட்டது. அரபு நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற நம் சகோதரர்கள் ‘ஃபுந்துக்’ என்றால் ஹோட்டல் என்றே அறிவார்கள்.

கட்டடம் நிற்கும்போதே அதன் பயன் மாறும். சில இடங்களில் கட்டடம் போய்விடும், சொல் மட்டும் நிற்கும். தமிழகத்தில் பெரும்பாலும் நடந்தது இரண்டாவது வகை.

தமிழகத்தின் வணிகக் குழுக்கள்

9ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை தென்னிந்தியக் கடல் வணிகத்தைப் பெரிய குழுக்கள் நடத்தின. அவற்றில் முதன்மையானது ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’. கர்நாடகத்தின் ஐஹொளே என்ற ஊரோடு தொடர்புடைய குழு அது. பல ஊர், பல மொழி, பல சாதி வணிகர்களும் அதற்குள் இருந்தார்கள். ‘மணிக்கிராமம்’ என்பது இன்னொரு குழு. தாய்லாந்தின் தகுவாபா என்ற இடத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பட்ட ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தில் 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் கூடி எடுத்த முடிவு தமிழிலேயே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அங்கு வரும் கப்பல்காரர்கள் செலுத்த வேண்டிய பங்கு குறித்த முடிவு அது.

இவர்கள் வெறும் வியாபாரிகளாக மட்டும் இருக்கவில்லை. சரக்குக்குக் காவலாக ஆயுதம் ஏந்திய வீரர்களை வைத்திருந்தார்கள். தமக்கு உதவிய வீரர்களைச் சிறப்பித்துச் சில ஊர்களை ‘எறிவீரப்பட்டினம்’ என்றும் ‘வீரப்பட்டினம்’ என்றும் அறிவித்தார்கள். இத்தகைய கல்வெட்டுகளின் தலைப்பகுதியில் வில், கோடரி, பை, விளக்கு, கலப்பை போன்ற சின்னங்கள் செதுக்கப்பட்டிருக்கும்.

இவர்கள் எந்தெந்தச் சரக்கைக் கையாண்டார்கள் என்பதைச் சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பஞ்சு, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, குதிரை, யானை என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தச் சரக்குகளின் மேல் வணிகர்கள் தாமே ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டார்கள். அதற்குப் ‘பட்டணப்பகுடி’ என்று பெயர். அரசன் கேட்ட வரி அல்ல அது. பொதுக் காரியத்துக்காக வணிகர்கள் தம் மேல் தாமே போட்டுக்கொண்ட மகமை.

அஞ்சுவண்ணம் என்ற சொல்

ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் மூன்றாவது பெயர் ‘அஞ்சுவண்ணம்’. நமக்கு இது முக்கியமானது.

பழைய ஆய்வாளர்கள் இதை ‘ஐந்து வண்ணம்’ என்று பிரித்து, ஐந்து சாதி என்றும் ஐந்து தொழில் என்றும் பொருள் சொல்லிப் பார்த்தார்கள். இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் வேறு. பாரசீக மொழியில் ‘அஞ்சுமன்’ என்றால் கூட்டம், சபை. மேற்குக் கடற்கரையில் கொங்கணத்துச் செப்பேடுகளில் இதே சொல் ‘ஹஞ்சமன’ என்று வருகிறது. தமிழிலும் மலையாளக் கரையிலும் அதுவே ‘அஞ்சுவண்ணம்’ ஆனது. கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலு இந்தக் குழுவைப் பற்றித் தனி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மேற்காசியாவிலிருந்து கடல் வழியாக வந்த வணிகர்களின் அமைப்பு அது. தொடக்கத்தில் யூதர், கிறிஸ்தவர், பார்சி, முஸ்லிம் என எல்லோரும் அதில் இருந்தார்கள். காலப்போக்கில் சோழமண்டலக் கரையில் முஸ்லிம் வணிகர்களே அதில் பெரும்பான்மையானார்கள்.

இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. ஆண்டு கி.பி. 849. வேணாட்டு அதிபர் அய்யனடிகள் திருவடிகள், மருவான் சபிர் ஈசோ என்பவர் நிறுவிய கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரிமைகள் கொடுத்த ஆவணம் அது. சந்தையின் எடைக்கோலும் அளவைகளும் அந்த ஆலயத்தின் பொறுப்பில் விடப்படுகின்றன. ஆலயத்தையும் அதன் உரிமைகளையும் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்தாருக்கும் மணிக்கிராமத்தாருக்கும் தரப்படுகிறது.

செப்பேட்டின் இறுதியில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. சிலர் கூஃபி அரபியிலும், சிலர் பஹ்லவியிலும், சிலர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். அரபியில் ஒப்பமிட்டவர்களில் மைமூன் பின் இப்ராஹீம், உஸ்மான் பின் அல்மர்சுபான் ஆகிய பெயர்களை இன்றும் படிக்க முடிகிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் உரிமைக்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சி நின்றார்கள்.

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணத்தை வழங்கிய செப்பேடும் உண்டு. ஒரே அமைப்பின் பெயர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு சமயத்தாரின் தலைமையில் இருந்ததை இது காட்டுகிறது.

எங்கே கூடினார்கள்?

லண்டன் கில்டுஹால் போல ‘இதுதான் அஞ்சுவண்ணத்தின் மாளிகை’ என்று சுட்டிக் காட்டும் கட்டடம் தமிழகத்தில் இல்லை. கூடிய இடங்கள் எப்படிப்பட்டவை என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று.

ஊர்ச் சபைகளும் வணிகச் சபைகளும் பெரும்பாலும் கோயில் மண்டபங்களில் கூடின. எல்லோருக்கும் தெரிந்த இடம், கல்லால் ஆனது, எடுத்த முடிவை அந்தச் சுவரிலேயே வெட்டி வைக்கலாம் என்ற மூன்று வசதிகள் அங்கே இருந்தன. அதனால்தான் இந்த வணிகக் குழுக்களின் ஆவணங்கள் கோயில் சுவர்களில் கிடைக்கின்றன.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கு அருகே தீர்த்தாண்டதானம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம், சாமந்த பண்டசாலி என்று பல குழுக்கள் ஒன்றாகக் கூடிய செய்தி வருகிறது. அந்த ஊர்க் கோயிலின் திருப்பணிக்காகத் தம் சரக்குகளின் மேல் மகமை வைக்க அவர்கள் முடிவெடுத்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் பங்கு கொண்ட ஒரு சபை, ஊர்ப் பொதுவில் நின்று எடுத்த முடிவு இது.

இதன் மறுபக்கமும் கல்லில் இருக்கிறது. திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. பள்ளிவாசலுக்கான கொடை பெருமாள் கோயில் சுவரில் பதிவாகியிருக்கிறது. சோனகர் என்பது அன்று முஸ்லிம்களைக் குறித்த தமிழ்ப் பெயர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இலங்கையில் இன்றும் அதுவே பெயர்.

விசாகப்பட்டினம் அன்று குலோத்துங்கசோழப் பட்டினம் எனப்பட்டது. அங்கு 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி’ என்று வணிகக் குழுவின் பெயரிலேயே ஒரு பள்ளி இருந்தது. அது தொடர்பான கல்வெட்டில் இலங்கையின் மாதோட்டத்தைச் சேர்ந்த அஞ்சுவண்ண வணிகர் ஒருவரும் வருகிறார். அது முஸ்லிம்களின் பள்ளியா, பௌத்தப் பள்ளியா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப் போகவில்லை. ‘பள்ளி’ என்ற சொல் அன்று சமணர், பௌத்தர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோருடைய வழிபாட்டிடத்துக்கும் பொதுவாக வழங்கியதே அதற்குக் காரணம். இன்று அதே சொல் பள்ளிவாசலிலும் இருக்கிறது, பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது.

சரக்கு வைக்கும் இடத்துக்குப் ‘பண்டசாலை’ என்று பெயர். மேலே சொன்ன ‘பண்டசாலி’ என்பது அதை நடத்தியவர்களின் பெயர். கிடங்கு, எடைமேடை, கணக்கெழுதும் திண்ணை, வெளியூர்க்காரர் தங்கும் அறை ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. இன்று கூட்டுறவுப் பண்டகசாலை என்று நாம் சொல்வது இதன் தொடர்ச்சி.

வட சென்னைக்கு அருகே ஒரு வீரப்பட்டினம்

இந்த வரலாறு ராமநாதபுரத்தோடும் கொல்லத்தோடும் முடிவதில்லை. எண்ணூருக்கு வடக்கே பொன்னேரி வட்டத்தில் காட்டூர் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கல்வெட்டு ஒன்று, ஐந்நூற்றுவரைச் சேர்ந்த வணிகர்கள் மயிலாப்பூரில் கூடி எடுத்த முடிவைப் பதிவு செய்கிறது. முன்பு அய்யப்புழல் எனப்பட்ட காட்டூரை வீரப்பட்டினமாக ஆக்குவது என்பதே அந்த முடிவு. அந்த ஊரில் வாழ்பவர்கள் இனிப் பொதுப் பங்குகள் எதையும் கட்ட வேண்டியதில்லை என்று விலக்கு அளித்தார்கள். வாளேந்தி மிரட்டிப் பறிப்பவர்களுக்கு அங்கே இடமில்லை என்றும் விதித்தார்கள். சென்னை என்ற நகரமே பிறக்காத காலத்தில், மயிலாப்பூருக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட இந்தக் கடற்கரை ஒரே வணிக வலைப்பின்னலுக்குள் இருந்ததற்கு இது சான்று.

அந்தக் கரையின் நடுவில்தான் திருவொற்றியூர் இருந்தது. ஆதிபுரீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் ஏராளம். அங்கே ‘வக்காணிக்கும் மண்டபம்’ என்ற ஒரு கூடம் பாணினி இலக்கணம் கற்பிக்கும் இடமாக இருந்தது. ஒரு மண்டபம் வழிபாட்டுக்கு மட்டும் என்று அன்று கருதப்படவில்லை. பாடம், பஞ்சாயத்து, கணக்கு, கொடைப் பதிவு என்று பல வேலைகள் அங்கே நடந்தன.

இன்னும் வடக்கே பழவேற்காடு. போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்பில், முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் பெருமளவில் வாழ்ந்த செழிப்பான துறைமுகம் என்று அதைச் சொல்கிறார். டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டு அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள்.

குழுக்கள் ஏன் மறைந்தன?

14ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் ஆகிய பெயர்கள் கல்வெட்டுகளில் அருகிப் போகின்றன. சோழ, பாண்டிய அரசுகள் விழுந்தன. அந்த அரசுகளின் துணையோடு பல துறைமுகங்களை இணைத்து இயங்கிய பெரிய குழுக்களின் இடத்தை ஊருக்கு ஊர் அமைந்த சிறு வணிகக் குடும்பங்களும் சாதிச் சங்கங்களும் பிடித்தன.

1498ஆம் ஆண்டு போர்த்துகீசியர் கோழிக்கோடு வந்தது அடுத்த அடி. கடலில் கப்பல் செலுத்தத் தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தினார்கள். 1511ஆம் ஆண்டு மலாக்காவையும் பிடித்தார்கள். அதுவரை யாருடைய உடைமையாகவும் இல்லாத கடல், பீரங்கி வைத்திருப்பவனின் உடைமையானது. மரக்காயர் கப்பல்கள் அதன் பிறகும் நூற்றாண்டுகள் ஓடின. பல சமயத்து வணிகர்கள் ஒரே சபையில் அமர்ந்து துறைமுகத்தின் விதியை வகுத்த காலம் மட்டும் முடிந்துபோனது.

கும்பெனி காலத்தில் சாவடி

1639ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனி சென்னையில் இடம் பெற்றது. கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் வணிகர்களும் குடியேறிய பகுதி கருப்பர் நகரம் எனப்பட்டது. அங்கே ஊர்ப் பொது இடமாக ஒரு சாவடி இருந்தது. சாவடி என்ற தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் ‘சௌல்ட்ரி’ என்று எழுதினார்கள்.

ஊர் அதிகாரி அந்தச் சாவடியில் அமர்ந்து சிறு வழக்குகளைத் தீர்ப்பார். வீடு, மனை விற்பனை அங்கே பதிவாகும். சரக்குக்கான சுங்கம் அங்கே வசூலாகும். குற்றவாளிகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். அடிமைகளாக மனிதர்கள் விற்கப்பட்டபோது அந்த விற்பனையும் அங்கேயே பதிவானது என்பதை மறைக்கக் கூடாது. 1678ஆம் ஆண்டு ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் அந்த நீதிமன்றத்தைச் சீரமைத்து ஆங்கிலேய நீதிபதிகளை அமர்த்தினார். ஊராருடைய பொதுக்கூடம் இப்படிப் படிப்படியாக ஆட்சியாளருடைய அலுவலகமானது.

1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டது. லண்டன் போன்ற நகரங்களின் கில்டு ஆட்சியே அதற்கு முன்மாதிரி. மேயருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள். அவர்களில் ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூதர், உள்ளூர் இந்து வணிகர் ஆகியோர் இருந்தார்கள். வணிகத் தலைவர்களைக் கூட்டி உட்கார வைத்து நகரத்தின் மேல் வரி போட வைப்பதே கும்பெனியின் நோக்கம். முன்பு வணிகர்கள் தம் மேல் தாமே மகமை வைத்துக்கொண்டார்கள். இப்போது பிறருக்காக வரி வசூலித்துக் கொடுக்க அழைக்கப்பட்டார்கள். சபையின் தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் அதிகாரம் வேறு கைக்குப் போய்விட்டது.

அந்தப் பழைய கருப்பர் நகரத்தைப் பிரெஞ்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் கோட்டைப் பாதுகாப்பைச் சொல்லி 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இடித்துத் தள்ளினார்கள். அந்த நிலத்தில்தான் 1892 முதல் உயர் நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. மக்கள் இன்னும் வடக்கே தள்ளிக் குடியேறினார்கள். மண்ணடி, முத்தியால்பேட்டை, மூர் தெரு, மஸ்கான் சாவடி என்று நாம் இன்று நடமாடும் பகுதிகள் அப்படி வளர்ந்தவை. மஸ்கான் சாவடியின் பெயரில் சாவடி இன்னும் இருக்கிறது.

திருவொற்றியூர் சாலையில் உள்ள காலடிப்பேட்டையும் இந்தக் காலத்தின் நினைவே. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. ‘காலெட் பேட்டை’ நாளடைவில் காலடிப்பேட்டையாகிவிட்டது. அதற்குச் சற்றுத் தெற்கே, நகருக்குள் வரும் சரக்குக்குத் தீர்வை கேட்ட இடம் சுங்கச்சாவடி ஆனது.

இன்று ‘சாவடி’ என்றால் நம் பிள்ளைகளுக்கு இரண்டே பொருள்தான் தெரியும். நெடுஞ்சாலையில் பணம் கட்டும் சுங்கச்சாவடி, தேர்தலன்று ஓட்டுப் போடும் வாக்குச்சாவடி. கூடிப் பேசும் இடம், தங்கும் இடம், நீதி கேட்கும் இடம் என்ற பழைய பொருள்கள் மறைந்துவிட்டன. ஆனாலும் பொதுப்பணமும் பொதுமுடிவும் சம்பந்தப்பட்ட இடம் என்ற நிழல் அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

ரயிலடியும் துறைமுகமும்

19ஆம் நூற்றாண்டில் சரக்கு கைமாறும் இடம் மண்டபத்திலிருந்து ரயிலடிக்கு மாறியது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று வாலாஜா நோக்கி முதல் ரயில் புறப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. உயர்ந்த தூண்களோடு மாளிகை போலக் கட்டப்பட்ட அந்த நிலையம், 1873ஆம் ஆண்டு சென்ட்ரல் நிலையம் வந்த பிறகு மெல்ல முதன்மையை இழந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது. மின்சார ரயில்கள் நின்று போகின்றன.

2001ஆம் ஆண்டு எண்ணூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. ஒரு காலத்தில் வீரப்பட்டினமாக அறிவிக்கப்பட்ட காட்டூர் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அந்தச் சாலைகளில் நம் சமுதாய இளைஞர்களும் ஓட்டுநர்களாக, கிளியரிங் ஏஜென்ட்களாக, கிடங்குக் கணக்கர்களாக வேலை பார்க்கிறார்கள். அவர்கள் செய்யும் தொழில் இந்தக் கரைக்குப் புதியதல்ல.

அஞ்சுமன் இன்று

அஞ்சுவண்ணம் என்ற பெயர் முழுதாக மறைந்துவிடவில்லை. குமரி மாவட்டம் தக்கலையில் முஸ்லிம்கள் வாழும் பகுதியோடும் அவர்களது ஜமாஅத்தின் பெயரோடும் அது இன்றும் இணைந்திருக்கிறது. எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்றே பெயர் வைத்தார். பாரசீக மூலச் சொல்லான ‘அஞ்சுமன்’, உருது வழியாகத் திரும்பி வந்து நம் கல்வி நிலையங்களுக்கும் அனாதை இல்லங்களுக்கும் பெயராக இருக்கிறது. சென்னை தியாகராய நகரின் அஞ்சுமனே ஹிமாயதே இஸ்லாம் நாம் எல்லோரும் அறிந்த ஒன்று. ஒரே சொல் இரண்டு வழிகளில், ஆயிரம் ஆண்டு இடைவெளியில் தமிழுக்கு வந்திருக்கிறது. இரண்டு முறையும் அதன் பொருள் ‘கூடிச் செயல்படுதல்’ என்பதே.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று சிலவற்றைக் கருதுகிறோம்.

முதலாவது, இந்த மண்ணில் நம் வேர். முஸ்லிம்கள் படையெடுப்போடு வந்தவர்கள் என்று சொல்லப்படும்போது நம் பிள்ளைகள் பதில் தெரியாமல் திகைக்கக் கூடாது. 849ஆம் ஆண்டுச் செப்பேட்டில் அரபி ஒப்பங்கள் இருக்கின்றன. 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அஞ்சுவண்ணத்தார் ஊர்ச் சபையில் மற்றவர்களோடு சமமாக அமர்ந்திருக்கிறார்கள். கோயில் சுவரில் பள்ளிவாசலுக்கான கொடை இருக்கிறது. இவற்றைக் கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டையும் ஊரையும் சரியாகச் சொன்னாலே போதும்.

இரண்டாவது, நம் மண்டபங்களின் பயன். இன்று பல ஊர்களில் ஜமாஅத் மண்டபம் என்றால் அது திருமண மண்டபமாகவே இருக்கிறது. வாடகை வருவது நல்லதுதான், பராமரிப்புக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் காலத்து வணிகர் சபை செய்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். அளவையையும் எடையையும் கண்காணித்தார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறுகளைக் கூடிப் பேசித் தீர்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தங்க இடம் தந்தார்கள். சம்பாதிப்பவரெல்லாம் பொதுநிதிக்குப் பங்கு வைத்தார்கள். திருமணம் இல்லாத நாட்களில் நம் மண்டபங்களில் மாலை நேரப் பாட வகுப்பு, வேலைவாய்ப்பு வழிகாட்டல், சட்ட உதவி, சிறு வணிகர்களுக்கான கணக்குப் பயிற்சி போன்றவற்றை நடத்த முடியும். சில மஹல்லாக்களில் இவை நடக்கவும் செய்கின்றன. அவை எல்லா மஹல்லாவுக்கும் பரவ வேண்டும்.

மூன்றாவது, ஆவணங்கள். தீர்த்தாண்டதானத்து வணிகர்கள் தங்கள் முடிவைக் கல்லில் வெட்டி வைத்ததால்தான் 750 ஆண்டு கழித்து நாம் அதைப் பற்றிப் பேச முடிகிறது. நம் பள்ளிவாசல்களிலும் பழைய வணிகக் குடும்பங்களிலும் நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃபு பத்திரங்கள், பண்டகசாலைக் கணக்குகள், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. வெள்ளை அடிக்கும்போதும் வீட்டை இடித்துக் கட்டும்போதும் அவை பழைய பேப்பரோடு போய்விடுகின்றன. பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றை எடுத்து, செல்போனிலாவது படம் பிடித்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். கட்டட வேலையின்போது எழுத்துள்ள கல் கிடைத்தால் அதைப் படிக்கட்டாகப் போட்டுவிடாமல் தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைத் தொண்டிப் பக்கமோ பழவேற்காட்டுக்கோ அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைக் காட்டலாம், மண்ணடியின் தெருப் பெயர்களைப் படிக்கச் சொல்லலாம். இந்தக் கரையில் யார் யார் வந்தார்கள், எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதைப் புத்தகத்தில் படிப்பதோடு நேரில் பார்த்தும் அவர்கள் அறிந்துகொள்ளட்டும், இன்ஷா அல்லாஹ்.